கை வைத்த நாற்காலி

கெண்டைக்கால் இரண்டும் கல்லாய் இறுகிவிட்டன. காரமடைத் தேர் பாதி வீதி தாண்டுவதற்குள் தெய்வாத்தாளால் நிற்க முடியவில்லை. ஊரே கோவிந்தா போட்டுக்கொண்டு வடத்தின் பின்னால் ஓட, அவள் மட்டும் முழங்கையால் கூட்டத்தை இடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்தாள்.

கோயமுத்தூரில், சிங்காநல்லூர்ப் பக்கத்து மில் ஒன்றில் அவளுக்கு நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் வேலை. விடிந்ததும் போய் நின்றால் பொழுது சாய்ந்த பிறகுதான் முட்டி மடங்கும். நூல் அறுந்தால் முடிய வேண்டும், சிட்டம் நிறைந்தால் கழற்ற வேண்டும். எல்லாம் நின்றபடிதான். அத்தனை பெண்கள் வேலை செய்யும் இடத்தில் உட்கார ஒரே ஒரு ஸ்டூல், அது மேஸ்திரியுடையது. பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மிஷினுக்கு ஓய்வு இல்லை, ஆளுக்கும் இல்லாமல் போயிற்று. வருஷத்துக்கு ஒருமுறை லீவு சொல்லித் தேர்நோம்பிக்கு வந்தால் இங்கேயும் நிற்கத்தான் வேண்டியிருந்தது.

புருஷன் பாலுசாமி பின்னாலேயே ஓடி வந்தான். அதே மில்லின் கிட்டங்கியில் பஞ்சுப் பொதி தூக்குகிறவன்.

"ஏ புள்ளே, சாமி அக்கட்ட போகுது, நீ இக்கட்ட போறியே?"

"சாமிக்குச் சக்கரம் இருக்குதுங்க. எனக்குக் காலுதான் இருக்குது."

வீதி முடிகிற இடத்தில் சுந்தரராஜுலு நாயுடுவின் சாப்பாட்டுக் கடை. தேர்க்கூட்டத்துக்காகக் கடைக்குப் பின்னால் கோட்டை அடுப்பு மூட்டியிருந்தார்கள். பக்கத்தில் வேலங்கட்டை மலை போலக் குவிந்திருந்தது. அந்தக் குவியலின் மேல் கால்களை மேலே நீட்டிக்கொண்டு கிடந்தது நாற்காலி.

அகலமான தேக்கு நாற்காலி. இரண்டு பக்கமும் கை. கைகளின் நுனி யார் யாரோ பிடித்துப் பிடித்து வழவழத்துப் போயிருந்தது. உட்காரும் இடத்துப் பிரம்பு நடுவில் கிழிந்து தொங்கியது. முன்கால் ஒன்று ஆடியது. தெய்வாத்தாள் அதை இறக்கி நிமிர்த்தி வைத்து, கிழியாத ஓரத்தில் உட்கார்ந்தாள்.

முதுகு பின்னால் சாய்ந்தது. கை இரண்டும் தாமாகவே மரக்கைகளின் மேல் போய் அமர்ந்தன. தரையில் குந்துவாள், பாயில் படுப்பாள், அம்மியில் உட்கார்ந்திருக்கிறாள். முதுகுக்கும் கைக்கும் இடம் வைத்து ஒரு மனுஷருக்கு ஆசனம் செய்வார்கள் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறாளே தவிர உடம்பால் அறிந்ததில்லை. காலிலிருந்து வலி மெல்ல இறங்கி மண்ணுக்குள் போவது தெரிந்தது.

நாயுடு கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "ஏம்மா, அது அடுப்புக்குப் போறது. கீழ உழுந்து என்ற மேல பழி போட்டுறாதே."

"இதையவா எரிக்கப் போறீங்க?"

"பின்னே கும்புடவா போறேன்? ஊட்டியில எந்தத் தொரை ஊட்டுதோ. லாரிக்காரன் ஒருத்தன் தின்னுபோட்டுக் காசில்லாம இதைய எறக்கி வெச்சுட்டுப் போயிட்டான். காலு ஆடுது, பிரம்பு கிழிஞ்சுபோச்சு. ஒரு அண்டாச் சோறு வேகும்."

"எனக்குக் குடுங்க."

"சும்மாவா?"

தெய்வாத்தாள் விறகுக் குவியலைப் பார்த்தாள். பிளக்காத கட்டைகள் ஒரு பக்கமாகக் கிடந்தன. "அந்தக் கட்டையைப் பூராப் பொளந்து போட்டுட்டு எடுத்துக்கறேன்."

நாயுடு பாலுசாமியின் பக்கம் திரும்பினார். "உன்ற ஊட்டுக்காரிக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதா?"

"இல்லீங்க. கால்வலிங்க" என்றான் பாலுசாமி. கோடாலியை வாங்கக் கை நீட்டினான்.

"நீங்க உடுங்க. நாற்காலி உங்களுக்கு வேணுமா, எனக்கு வேணுமா?"

வேலங்கட்டை இரும்பு மாதிரி. ஒவ்வொரு வெட்டுக்கும் கோடாலி கவ்விக்கொண்டது. தேர் நிலைக்கு வந்து வெடி போடும் சத்தம் கேட்டபோதும் அவள் தலை நிமிரவில்லை. கூட்டத்தில் நிற்க முடியாத கால் இங்கே நின்றது. கடைசிக் கட்டை பிளந்தபோது சேலை முதுகோடு ஒட்டியிருந்தது, உள்ளங்கை இரண்டு இடத்தில் கொப்புளித்துப் பொத்திருந்தது. நாயுடு ஒரு இலை போட்டார். "சாப்புட்டுப் போம்மா. நாலாளு வேலை செஞ்சுபோட்டே."

"சோத்துக்கு வேலை செய்யலீங்க" என்று சொல்லிவிட்டு, இலையில் உட்கார்ந்து நன்றாகவே சாப்பிட்டாள்.

ஸ்டேஷனில் டிக்கட் வாங்குகிறவர் வழிமறித்தார். "இதென்ன, கல்யாணச் சீரா? வண்டியில நிக்கறதுக்கே எடமில்லை, நாற்காலியைத் தூக்கிட்டு வாரே!"

"அதுக்குத்தானுங்க தூக்கிட்டு வாரேன். உங்க வண்டியில எனக்கு எடமில்லைன்னு தெரியும். என்ற எடத்தை நானே கொண்டாந்துபோட்டேன்."

பின்னாலிருந்த கூட்டம் சிரித்தது, தள்ளியது. அந்தத் தள்ளலில் நாற்காலியும் அவளும் ஒன்றாக வண்டிக்குள் போய்விட்டார்கள். கோயமுத்தூர் வரைக்கும் அவள் உட்கார்ந்துதான் வந்தாள். மடியில் முகம் தெரியாத இரண்டு குழந்தைகள்.

உக்கடம் குளத்துக்கு எதிரே ரசாக் பாய் பிரம்பு பின்னுகிறவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கொண்டுபோனாள். அவர் நாற்காலியைக் கவிழ்த்து, நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"தொரை ஊட்டுச் சாமானாம்மா?"

"அப்பிடித்தான் சொன்னாங்க பாய்."

"மரம் நம்ம ஆனமலை மரந்தான். தொரை ஊட்டுல கொஞ்ச நாள் வேலை பாத்துட்டு வந்திருக்குது."

ஆடிய காலுக்கு ஆப்பு அடித்து, புதுப் பிரம்பு பின்னிக் கொடுத்தார். கூலியைக் கொடுத்துவிட்டு, தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வீடு வந்தாள்.

வீடு என்றால் மில்காரர்கள் கட்டிவிட்ட லைன் வீடு. ஒரு அறை, ஒரு அடுப்பு. நாற்காலி அதில் பாதியை எடுத்துக்கொண்டது. பாலுசாமி இனிமேல் காலை மடக்கித்தான் படுக்க வேண்டும் என்று ஆயிற்று. சாயங்காலம் மில் விட்டு வந்ததும் தெய்வாத்தாள் முகம் கழுவமாட்டாள், அடுப்புப் பற்றவைக்கமாட்டாள். நேராக நாற்காலி. கால் இரண்டையும் நீட்டி, கண்ணை மூடி, கைகளை மரக்கைகளின் மேல் வைத்துக்கொள்வாள். கண்ணைத் திறக்கிற வரைக்கும் யாரும் அவளோடு பேசக்கூடாது.

"கலெக்டரம்மா கச்சேரியில இருக்கறாங்க. மனு குடுக்கறவீங்க சித்தெ பொறுங்க" என்பான் பாலுசாமி வாசலில் நின்று. லைன் பெண்கள் சிரிப்பார்கள். அவளும் கண்ணைத் திறக்காமல் சிரிப்பாள். வெள்ளிக்கிழமை தோறும் தேங்காயெண்ணெய் தொட்டு மரத்தைத் துடைப்பாள். நோம்பிக்கு விருந்து வரும் ஒறம்பரை சனங்களுக்குப் பாய் போடுவாள், நாற்காலியைக் காட்டமாட்டாள்.

எதிர்வீட்டு பாப்பாயியை மட்டும் ஒருநாள் உட்கார வைத்தாள். பாப்பாயி உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டாள். "ஐயோ, வேண்டாமுங்க அம்மிணி! முன்னால குனிஞ்சே பழகிப்போச்சு. பின்னால சாஞ்சாக் கெணத்துல உழுகறாப்பல இருக்குது."

ஒருமுறை மேஸ்திரி, ஞாயிற்றுக்கிழமை மிஷின் துடைக்க ஆள் கூப்பிட லைனுக்கு வந்தார். தெய்வாத்தாள் நாற்காலியில் இருந்தாள். மற்ற பெண்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். அவர் வாசலில் நின்று, அவள் எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தார்.

"சொல்லுங்க" என்றாள் அவள்.

"உக்காந்துட்டே கேக்கறே?"

"மில்லுல நின்னுட்டுத்தானுங்க கேக்கறேன். இது ஊடு."

மறுநாள் அவளுக்குத் தொட்டாலே அறுந்து போகிற மட்ட நூல் ரீல் வந்தது. ஒரு வாரம் வந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் அவள் வீட்டுக்கு வந்து இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஐப்பசியில் பாப்பாயியின் புருஷன் அழகிரிசாமி செத்துப்போனார். பஞ்சு உடைக்கும் ப்ளோ ரூமில் வேலை. நெஞ்சுக்குள் பஞ்சு அடைத்து அடைத்து, கடைசியில் இருமக்கூட மூச்சு இல்லாமல் அடங்கினார். ஒரே மகன் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். தந்தி போனாலும் அவன் வந்து சேர்கிற வரைக்கும் பிணம் தாங்காது. அவனுக்கு அனுப்பவாவது ஒரு போட்டோ வேண்டும் என்று லைனில் எல்லோரும் கைக்காசு போட்டு டவுனிலிருந்து போட்டோக்காரரை வரவழைத்தார்கள். உயிரோடு இருந்தபோது எடுத்தது ஒன்றும் இல்லை.

போட்டோக்காரர் காமிராவின் மூன்று காலை நட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, வெளியே எடுத்தார். "படுத்திருந்தா மூஞ்சி சரியா உழுகாது. உக்கார வைங்க. நாற்காலி இருக்குதா?"

அத்தனை கண்ணும் தெய்வாத்தாளின் கதவுக்குப் போய்த் திரும்பின.

பிணம் தொட்ட சாமான் வீடு திரும்பாது. பாயோ, தலையணையோ, கட்டிலோ, எதுவானாலும் பாடையின் பின்னாலேயே சுடுகாட்டுக்குப் போய் வெட்டியானுக்குச் சேரும். அது லைனில் தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். பாலுசாமி அவள் காதோரம் வந்தான்.

"காலு ஒடைஞ்சு கெடக்குதுன்னு சொல்லிப்போடு."

"ஒடைஞ்சு கெடக்கறது என்ற காலுங்க. நாற்காலிக்குக் காலு நல்லாத்தான் இருக்குது."

பாப்பாயி நாற்காலியைக் கேட்கவில்லை. தலைமாட்டில் குனிந்தே உட்கார்ந்திருந்தாள், நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம். தெய்வாத்தாள் வீட்டுக்குள் போனாள். ஒரு நிமிஷம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தூக்கிக்கொண்டு வந்து பந்தலுக்குள் வைத்தாள்.

"உக்கார வெச்சுக்குங்க. ஆனா எனக்குத் திரும்பி வரோணும். இப்பவே சொல்லிப்போட்டேன்."

தப்பட்டைச் சத்தத்தில் அது யார் காதிலும் சரியாக விழவில்லை. விழுந்தவர்களும் விழாத மாதிரி இருந்தார்கள்.

அழகிரிசாமியைத் தூக்கி உட்கார வைத்து, மார்போடு ஒரு வேட்டியால் கட்டி, அந்தக் கட்டு தெரியாமல் மேலே சால்வை போர்த்தினார்கள். கைகளை எடுத்து மரக்கைகளின் மேல் வைத்தார்கள். விரல்கள் தானாகவே நுனியை வளைத்துப் பிடித்துக்கொண்டன. நெற்றியில் திருநீறு. ஆயுசெல்லாம் பஞ்சுத் தூசியில் குனிந்து கிடந்த ஆள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பாப்பாயி அப்போதுதான் தலை தூக்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மிணி, பாருங்க. மில்லு மொதலாளியாட்ட இருக்கறாரு" என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பாடை கிளம்பியது. பெண்கள் வீட்டுப் பின்பக்கப் பொடக்காலியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் போனார்கள். தெய்வாத்தாள் ஈரச் சேலையோடு திரும்பி வந்தபோது பந்தலில் கூளமும் உதிர்ந்த பூவும்தான் இருந்தன.

சுடுகாடு போன ஆண்கள் குளித்துவிட்டு வந்தார்கள். பாலுசாமி கண்ணைப் பார்க்காமல் நின்றான்.

"எங்கீங்க?"

"ஊரே பின்னால தூக்கிட்டு வந்திச்சு. நான் ஒருத்தன் என்ன பண்றது? அது வெட்டியான் அங்கப்பனுக்குச் சேர வேண்டியது. மொறை."

"நான் சொன்னது?"

"சொன்னே. நாற்காலிதானே, போகுது உடு. இன்னொண்ணு பாக்கலாம்."

"இன்னொண்ணுக்கு நீங்க வெறகு பொளப்பீங்களா?"

அந்த வாரம் முழுக்க அவள் சாயங்காலங்களில் தரையில் குந்தினாள். முட்டி மடங்க மறுத்தது. சுவரில் சாய்ந்தால் சுவர் சில்லென்று முதுகைத் தள்ளியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சோற்றை வடித்து வைத்துவிட்டு, சும்மாட்டுத் துணியை எடுத்துக்கொண்டு நொய்யல் பக்கம் நடந்தாள்.

பெண் பிள்ளைகள் போகாத பாதை அது. வேலிகளுக்கு நடுவே போகும் அந்த இட்டேரியில் மாடு ஓட்டிக்கொண்டு வந்தவன் நின்று பார்த்தான். "எங்கீங்க அம்மிணி, அக்கட்ட சுடுகாடுங்க!"

"தெரியுமப்பா. அங்கதான் வேலை."

ஆற்றுமேட்டில் புகை அடங்கிக்கொண்டிருந்தது. குடிசை நிழலில் நாற்காலி போட்டு, கம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் வெட்டியான் அங்கப்பன். தலையைப் பின்னால் சாய்த்திருந்தான். கைகள் மரக்கைகளின் மேல் கிடந்தன. கண் மூடியிருந்தது. அவன் உட்கார்ந்திருந்த விதத்தை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். தானும் அப்படித்தான் உட்காருவாள்.

சத்தம் கேட்டு அவன் பதறி எழுந்தான். "அம்மிணி! பொம்பளைங்க இங்கெல்லாம் வரப்படாதுங்க!"

"வந்தாச்சு. அங்கப்பா, இது என்ற நாற்காலி."

"அழகிரிசாமி ஐயனுதுன்னு சொன்னாங்களேங்க."

"அவரு ஒரு போட்டோவுக்கு உக்காந்தாரு. நாற்காலி என்றது."

அங்கப்பன் நாற்காலியின் கையில் கை வைத்துக்கொண்டான். குரல் தாழ்ந்தது, ஆனால் விடவில்லை. "அம்மிணி கோவிச்சுக்கப்படாது. பொணத்தோட வந்தது எனக்குங்க. எங்க அப்பங் காலத்துல இருந்து அதானுங்க மொறை. இதைய நான் கேட்டு வாங்கல."

"மொறையை நான் இல்லைங்கல. ஆனா இதுக்கு நான் ஒரு பொழுது பூராவும் வெறகு பொளந்தேன். கை பொத்துப்போச்சு."

அங்கப்பன் முதன்முறையாகச் சிரித்தான். "வெறகுங்களா? நல்ல ஆளுகிட்ட வந்து சொல்றீங்க!" கம்பால் பின்னால் காட்டினான். குடிசைக்குப் பின்னே பிளந்த கட்டை ஆள் உயரம் இருந்தது. "தெனமும் பொளந்து, அடுக்கி, பத்த வெச்சு, எரிஞ்சு முடியற மட்டும் கம்பும் கையுமா நிக்கோணும். உக்காந்தா நெஞ்சுக்கூடு வேகாமப் போயிரும். காலு என்னமா வலிக்கும்னு உங்களுக்கு எங்கீங்க தெரியும்?"

தெய்வாத்தாள் அவன் கால்களைப் பார்த்தாள். பிறகு, "எங்க வலிக்கும்?" என்று கேட்டாள்.

அவன் குனிந்து கெண்டைக்காலைத் தொட்டுக் காட்டினான். "இங்க. கல்லாட்டம் ஆயிருமுங்க."

"ராத்திரி நரம்பு இழுத்துக்குமா?"

"இழுக்குமுங்க."

"எனக்கும் அதே எடந்தான்."

இரண்டு பேரும் நாற்காலியைப் பார்த்தார்கள். யாரும் உட்காரவில்லை.

"சும்மா கேக்கல அங்கப்பா" என்றாள் அவள். "இதுக்குப் பதிலா என்ன வேணும், சொல்லு."

அவன் குடிசைக்குள் கை காட்டினான். "உள்ள எட்டிப் பாருங்க. அந்தப் பாயி ஒரு செட்டியாரு போனப்ப வந்தது. தலகாணி ஒரு ஆத்தாளுது. நான் படுக்கற கட்டிலு, ஒரு கெழவன் அதுலயே கெடந்து செத்தது. உடுத்தியிருக்கற வேட்டியும் அப்பிடித்தான். செத்தவீங்க தொடாத சாமான் ஒண்ணு இந்த ஊட்டுல இல்லீங்க. ஒரு கட்டில் குடுங்க. புதுசு. எனக்குன்னு செஞ்சது. நான்தான் மொதல்ல படுக்கோணும்."

"குடுக்கறேன்."

"இன்னிக்குங்களா?"

"இன்னிக்கு என்ற கையில கட்டில் இல்லை. வாயிதான் இருக்குது. தெய்வாத்தா சொன்னாச் செய்வா. வேண்டாம்னா நாற்காலியை நீயே வெச்சுக்கோ. நான் இப்பிடியே திரும்பிப் போறேன்."

அங்கப்பன் யோசித்தான். சுடுகாட்டுக்கு நடந்து வந்து ஒரு பெண்பிள்ளை அவனிடம் நியாயம் பேசியது இல்லை. கொடு என்று ஆள் அனுப்பியிருந்தால் அவன் கொடுத்துத்தான் ஆக வேண்டும். துண்டால் நாற்காலியின் சாம்பலைத் தட்டினான். பிரம்பில் ஒட்டியிருந்ததை ஊதினான். அவள் தலைக்குத் தூக்கிவிட்டான்.

அவள் ஆற்றில் இறங்கி நாற்காலியை முழுக்க முக்கி எடுத்தாள். தானும் முழுகினாள். ஈரம் சொட்டச் சொட்டத் தலையில் வைத்துக்கொண்டு, இட்டேரியில் போகாமல் பெரிய ரோட்டிலேயே வந்தாள். ஜட்கா ஒதுங்கியது. எதிரே வந்தவர்கள் ஓரம் நின்று துப்பினார்கள். நல்ல உச்சி வெயிலில், மில் வாசலைத் தாண்டி, லைன் முழுவதும் பார்க்க, கழுத்து ஆடாமல் நடந்து வந்தாள். தலையில் கல் சுமந்தவள்தான், செங்கல் சுமந்தவள்தான். அப்போதெல்லாம் இப்படி நடந்ததில்லை.

பாலுசாமி வாசலை மறித்தான். "பொணம் உக்காந்ததைய உள்ள கொண்டாந்தே, நான் வெளியிலதான் படுப்பேன். சொல்லிப்போட்டேன்."

"படுங்க. காத்து நல்லா வரும். காலையும் நீட்டிக்கலாம்."

"ஊருல என்ன பேசுவாங்க தெரியுமா?"

"என்ன பேசுவாங்க? அழகிரிசாமியண்ணன் உக்காந்த நாற்காலிம்பாங்க. அவரு என்ன திருடினாரா, கொலை பண்ணினாரா? பஞ்சு ஒடைச்சு, நம்மளாட்டப் பொழைச்சுச் செத்தாரு."

உள்ளே வைக்கவில்லை. வாசலில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போட்டாள். ஈரம் காய்வதற்குள்ளேயே உட்கார்ந்தாள்.

லைன் பெண்கள் அவள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். மில்லில் தண்ணீர்ப் பானைக்குப் போனால் விலகி நின்றார்கள். பாலுசாமி நான்கு ராத்திரி வெளியே படுத்தான். கொசு தாங்காமல் உள்ளே வந்து, "நாற்காலிக்கு இல்லீடி, கொசுவுக்குத்தான்" என்றான்.

போட்டோ வந்த அன்று பாப்பாயி அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தெருவைக் குறுக்கே கடந்து வந்தாள். அத்தனை வாசலிலிருந்தும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொழும்புக்கு அனுப்பறதுக்கு முந்தி உங்ககிட்டக் காட்டலாம்னு வந்தனுங்க."

போட்டோவில் அழகிரிசாமி ராஜாவாட்டம் இருந்தார். நாற்காலியின் இரண்டு கையும் நன்றாக விழுந்திருந்தன, விரல் வளைந்து பிடித்திருந்ததுகூடத் தெரிந்தது. இருவரும் தலை ஒட்டப் பார்த்தார்கள்.

"அப்பன் எப்பிடி இருந்தாருன்னு பையன் நாலு பேருகிட்டக் காட்டுவானுங்க" என்றாள் பாப்பாயி. பிறகு நாற்காலியைப் பார்த்தாள். "அம்மிணி, அவரு உக்காந்த எடத்துல நான் சித்தெ உக்காந்துக்கட்டுங்களா?"

தெய்வாத்தாள் எழுந்து இடம் விட்டாள்.

பாப்பாயி உட்கார்ந்தாள். முதலில் நுனியில் இருந்தாள். மெல்ல மெல்லப் பின்னால் சாய்ந்தாள். கைகளை மரக்கைகளின் மேல் வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை எழுந்து ஓடவில்லை. தெய்வாத்தாள் பக்கத்தில் நின்றாள். நாள் முழுக்க மில்லில் நின்றுவிட்டு வந்தவள்தான். அந்த நேரம் கால் வலித்ததாக அவள் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு லைனில் யாரும் விலகிப் போகவில்லை. முட்டி வலி என்று ஒருத்தி வந்தாள், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வந்தாள். உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

கட்டிலுக்கு ஆசாரியிடம் மரச்சட்டம் சொல்லி வைத்திருந்தாள். தைப் பொங்கல் கழிந்ததும் மில்லில் கூலியைக் குறைத்தார்கள். ரீலிங்கில் பாதிப் பேரை நிறுத்தினார்கள், அதில் அவளும் ஒருத்தி. இப்போது கல்லுடைக்கப் போகிறாள். நாற்காலியை விலைக்குக் கேட்டு டவுனிலிருந்து ஒருவர் வந்தார். உட்கார்ந்தபடியே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஆற்றுப் பக்கம் போகும்போது அங்கப்பன் மேட்டிலிருந்து கம்பை உயர்த்திக் கேட்பான்: "அம்மிணி, என்ற கட்டிலுங்க?" அவள் தலை குனிவதில்லை. "இருக்குது, மறக்கலை" என்று நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

அங்கப்பனுக்கு அவள் ஒரு புதுக் கயிற்றுக்கட்டில் தர வேண்டும். இன்னும் தரவில்லை.